முக்கால் சித்தியின் முழு மைதானம்

எங்கள் வீட்டில் சித்திக்குப் பெயர் முக்கால். தட்டச்சு முக்கால்வாசி படித்தாள், தையல் முக்கால்வாசி பழகினாள், எனக்குப் பின்னிய ஸ்வெட்டருக்கு இன்றுவரை ஒரு கை கிடையாது. பெயர் வைத்தது நான்தான். இப்போது அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. காரணம், ஒரு புல்வெட்டும் மெஷின்.

விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் வேலைக்கு அவளை ஒரு மாதம் சோதனையாக வைத்திருந்தார்கள். கடைசி நாள் சனிக்கிழமை. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும் பந்தயத்துக்குள் முழுவதும் வெட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள். பள்ளிக்கூடமும் நானும் முன்பே பிரிந்துவிட்டதால் வேடிக்கை பார்க்கப் போனேன். போன கையோடு மெஷினின் முன்பக்கம், வண்டி பழகுகிறவர்கள் மாட்டும் சிவப்பு ‘எல்’ அட்டை ஒன்றைக் கட்டினேன்.

மெஷின் பத்து நிமிடம் ஓடியது. இருமியது. நின்றது. ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும், மறுபடி பத்தே நிமிடம்.

“வாலு, உண்மையைச் சொல்லு. டேங்க்ல சர்க்கரை கிர்க்கரை போட்டியா?”

“சத்தியமா இல்ல சித்தி. என் டீக்கே சர்க்கரை பத்தல.”

மைதானப் பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “என்னம்மா, நீங்க வெட்டுறதை விட வேகமா புல்லு வளருது போலிருக்கே!”

சித்தியின் முகம் சுருங்கியது. நாங்கள் எவ்வளவு கேலி செய்தும் சுருங்காத முகம். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

ப்ளக்கைத் துடைத்தாள். டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்த்தாள். பலனில்லை.

“ஃபில்டரா இருக்குமோ சித்தி?”

“போன வாரம்தான் புதுசு போட்டேன். கடையில இருந்ததிலேயே உசத்தி.”

சொல்லிவிட்டு அதையே முறைத்துப் பார்த்தாள். இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் குழாயின் கீழ்முனையைக் கழற்றி, தண்ணீர் பாட்டில் மூடியை அடியில் பிடித்தாள். பெட்ரோல் ஜலதோஷ மூக்கு மாதிரி சொட்டியது. ஃபில்டரை எடுத்துவிட்டுப் பிடித்தாள். சரசரவென்று இறங்கியது.

எதிரே இருந்த உதிரிபாகக் கடைக்கு ஓடினோம். கடைக்கார அக்கா ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது கார் ஃபில்டராச்சே. உங்க மெஷின்ல பெட்ரோலைத் தள்ள பம்ப் இருக்கா?”

“இல்லக்கா. மேல டேங்க், கீழ கார்புரேட்டர். தானா இறங்கும்.”

“அப்ப தள்ள ஆளே இல்லாம இவ்வளவு நெருக்கமான சல்லடையில எப்படி இறங்கும்? கண் கொஞ்சம் பெரிசா இருக்கிற வலையே போதும். குழாய் அளவு சரியா இருக்கட்டும், அம்புக்குறி இன்ஜின் பக்கம் பாக்கணும்.”

“நல்லதுன்னா நெருக்கமாத்தான் இருக்கணும்னு நினைச்சேன்,” என்றாள் சித்தி.

அக்கா சொன்ன வலை ஃபில்டரை வாங்கி வந்து மாட்டும்போது மணி பதினொன்று. கயிற்றை இழுத்தாள். நான் வேலியில் உட்கார்ந்து எண்ணினேன். பத்தாவது நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டேன். பதினொன்று. பன்னிரண்டு. மெஷின் இருமவில்லை. வரிசை வரிசையாகப் புல் படுத்தது.

ஒரு மணியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி வரிசையும் முடிந்தது. நான் நைசாகப் போய் அட்டையை அவிழ்த்தேன்.

“காலையிலேயே பாத்துட்டேன். போனா போகுதுன்னு விட்டேன்,” என்றாள்.

பொறுப்பாளர் மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தார். “திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துடுங்கம்மா. சாவி தர்றேன்.”

சித்தி தலையாட்டினாள். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

“அணைக்கலையா சித்தி?”

“இரு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு அணைக்கிறேன்.”