காம்போதியின் நடுவே ஒரு குரல்

உறுதியாக அறிந்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். அம்மாவைப் பற்றிக் கற்பனையாக ஒரு சொல் சேர்த்தாலும், எஞ்சியிருப்பதில் எது அவளுடையது என்பது பிறகு எனக்கே தெரியாமற் போய்விடும்.

இன்று இழுப்பறையைத் திறந்ததும் எழுந்த பழைய ஒலிநாடாவின் வாடை, இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் திருநகர் வீட்டின் முன்னறைக்கு என்னைக் கொண்டுசென்றது. அங்கே மாலைதோறும் அப்பா, வானொலியிலிருந்து தாமே பதிவுசெய்த நாதஸ்வரக் காம்போதியைக் கேட்பார்; சாலைப் பேருந்துகளின் இரைச்சலைக் கடந்து ராகம் தாரஸ்தாயிக்கு ஏறும் வேளையில், பதிவு நடந்த அன்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்ட கேள்வியும் சேர்ந்து ஒலிக்கும்: "ஏங்க, காப்பிக்குச் சீனி இம்புட்டுப் போதுமா?"

"கச்சேரியவே கெடுத்துட்டா," என்பார் அப்பா, நாள் தவறாமல்.

"வித்வானுக்கும் சேத்துத்தேன் கேட்டேன்," என்பாள் அம்மா.

ஒருநாள் அவளே அந்த நாடாவைப் பதிவுக்கடைக்குக் கொண்டுபோய், கடைக்காரரிடமிருந்த அதே கச்சேரியின் மாசற்ற பதிவை அதன்மேல் ஏற்றிவந்தாள்.

"இனி எடஞ்சல் இல்லாமக் கேளுங்க."

அப்பா மகிழ்ந்தார். மறு ஆண்டு அம்மா இறந்தாள். அவள் குரல் வேறெதிலும் பதிவாகியிருக்கவில்லை; உறவினர் வீடுகளிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டோம்.

அதன் பின்னும் அப்பா அதே நாடாவைத்தான் கேட்டார். ராகம் அவ்விடத்தை நெருங்கும்போது, எங்களைக் கையமர்த்திவிட்டு, ஒலிபெருக்கியின் மேல் காதை வைத்துக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. இப்போது அவரும் இல்லை.

அங்கே அவருக்கு ஏதேனும் கேட்டதா என்பது எனக்குத் தெரியாது.