சேமக்காலையில் சொல்லக்கூடாத சொல்

“சாவீட்டாலை வெளிக்கிடேக்கை ரெண்டு காரியம் செய்யக்கூடாது. ஒண்டு, திரும்பிப் பாக்கிறது...” என்று எங்கள் பெரியப்பு சொல்லுவார். மற்றது என்னவென்பது, நெடுங்காலம் சாம்பியாவில் படிப்பித்துவிட்டு வந்த எனக்கு மறந்துபோயிருந்தது.

கல்லறை வாசிப்பதும் ஓர் உத்தியோகந்தான். சம்பளம் குறைவு, ஆனால் குறை சொல்ல ஒருவரும் எழும்பி வரமாட்டார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டில் ஊர் திரும்பினேன். மனைவியை அங்கேயே ஒரு சின்னப் பட்டினத்தில் புதைத்துவிட்டு வந்திருந்தேன். எரிக்க வசதி இல்லை. கல் வைக்கவில்லை. சைவக்காரர் நாங்கள் கல் வைக்கிறதில்லையே. வட்டுக்கோட்டையில் தமிழும் இங்கிலீசும் படித்தவன் என்பதால், பருத்தித்துறைப் பக்கத்துப் பழைய சேமக்காலையில், வேதக்காரரின் இடுகாட்டில், அழிந்துகொண்டிருந்த கல்லெழுத்துகளைப் படித்து எழுதும் வேலையை ஒரு திருச்சபைக்காரர் தந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இடமும் காட்ட வேண்டும். நடுவயதில் ஊர் திரும்பி வேலை தேடியவர்களுக்கு, நான் ஏன் உடனே தலையாட்டினேன் என்று விளக்கத் தேவையில்லை.

முதல் நாள்

அன்று முழுக்கத் தென்னந்தும்பால் பாசி உரஞ்சினேன். ஈரக் கல்லின் மணமும் கடற்காற்றும் இன்றைக்கும் மூக்கில் நிற்கின்றன. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் “போட்டு வாறன்”, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் எழும்பமாட்டோம். பின்னேரம் படலையைச் சாத்தும்போது அந்தப் பழக்கத்தில் கல்லறைகளைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டேன். காவலுக்கு இருந்த சூசை அண்ணை மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“மாஸ்ரர், சாவீட்டிலையும் இங்கையும் வாறன் எண்டு சொல்லக்கூடாது. பிறகு செத்தவை உங்களுக்கு இடம் பிடிச்சு வைப்பினம்.”

பெரியப்புவின் இரண்டாவது காரியம் அதுதான்.

மறியல் வீடு

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒல்லாந்தர் காலத்து மறியல் வீடு, பழைய சிறைச்சாலை, கைவிட்டுக் கனகாலம். முருகைக்கல் சுவர், கூரை இல்லை, அறைக்குள் பூவரசு முளைத்திருந்தது. படம் எடுக்க வந்தவர்களுக்குக் கல்லறையைவிட அதில்தான் ஆசை. எனக்கும்தான். மத்தியானச் சோற்றுப் பார்சலை அங்கேதான் அவிழ்ப்பேன்.

ஒருநாள் அளவெட்டியிலிருந்து ஒரு கமக்காரர் சைக்கிளில் வந்தார். அவருடைய மகனை ஆமி பிடித்துத் தெற்கில் எங்கோ மறியலில் வைத்திருந்தது. ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். கடைசி அறையில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கட்டடத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி மறித்தார்.

“அதொண்டும் வேண்டாம் தம்பி. ஆளில்லாத மறியலைப் பாக்க ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.”

கிணற்றடி

வீட்டில் அக்காவும் நானும்தான். வேலையால் வந்தால் நேரே கிணற்றடி. சாவுத் தீட்டு என்று, தலைமுழுகாமல் வாசல்படி ஏற விடமாட்டா. மார்கழி மழையிலும் வாளியும் துவாயும் காத்திருக்கும். தும்மலும் தடிமனும் பிடித்த ஒருநாள், “அக்கா, அதுகளிலை கனபேர் செத்து நூறு வருசத்துக்கு மேலை. இன்னுமோ துடக்கு?” என்று கேட்டேன்.

“செத்ததிலை பழசு புதுசு இருக்கோடா? வாயை மூடிக்கொண்டு தண்ணியை வார்.”

பறங்கி அம்மா

யாழ்ப்பாணத்தில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்குப் போன, ஐரோப்பியர் வழிவந்த பறங்கி அம்மா ஒருவர், குழந்தையிலேயே இறந்த தம்பியைத் தேடி வந்தார். கல்லில் பெயரின் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. நிலத்தில் அமர்ந்து, முழங்கால் வலியிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை எல்லாவற்றையும் தம்பிக்குச் சொன்னார். தமிழில். ஆயா தமிழில்தான் தாலாட்டினாவாம், தம்பிக்கு வேறு பாசை தெரியாதாம்.

எழும்பும்போது, “உங்கடை ஆக்கள் எங்கை?” என்று கேட்டார். நாங்கள் எரித்துச் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கிறவர்கள் என்றேன். மனைவி மட்டும் சாம்பியாவில், கல்லில்லாமல், என்றேன். அவர் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“அப்ப நீங்கள் எங்கை போய் அவவோடை கதைப்பீங்கள்?”

அன்று பின்னேரம் அக்கா சொல்லாமலே இரண்டு வாளி கூட வார்த்தேன். தைப்பொங்கல் கழிந்ததும் சாம்பியாவுக்குப் போய், தமிழிலும் இங்கிலீசிலும் அவவின் பெயர் எழுதி ஒரு கல் வைத்து, வெளிக்கிடும்போது “போட்டு வாறன்” என்று சொல்வதென்று முடிவெடுத்தேன்.