இல்ஃபோர்ட் சாட்சியார்

லண்டன் இல்ஃபோர்ட் தமிழ்ச்சனம் கனகலிங்கத்துக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சாட்சியார். கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னவர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் கோர்ட்டு வாசலை மிதித்தவரே அல்லர். 'நான் உடம்பும் இல்லை, மனமும் இல்லை. எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கிற சாட்சி மட்டும்' என்று வாய்க்கு வாய் சொல்லித் திரிந்ததால் வந்த பெயர் அது.

வைத்தவள் அவருடைய மனைவி பாலாம்பிகை. ஒருநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேல்மாடிக்குப் போனாள். திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் கருகி, வீடு முழுக்கத் தீய்ந்த மணம். கனகலிங்கமோ பக்கத்துக் கதிரையில் முதுகு நிமிர்த்தி இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, பால் பொங்குறது கண்ணுக்குத் தெரியேல்லையே?"

"தெரிஞ்சது. பொங்குறது பாலின்ர சுபாவம்."

"துடைக்கிறது என்ர சுபாவமாக்கும். நல்ல சாட்சியார்!" என்று துணியை எடுத்தாள்.

இந்தக் கதை பாலாம்பிகை வாயாலேயே நாலைந்து மைல் தள்ளிப் பிளேஸ்டோ வரைக்கும் போய்விட்டது. சனம் சிரித்தது. ஆனால் அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கனகலிங்கம் பிறந்ததிலிருந்தே இப்படி இருந்தவரல்லர். கணக்கியல் படிக்கவென்று எழுபதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்து, படிப்பை முடிக்க முடியாமல், தபால் பிரிக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த நாளில் அவருக்குச் சிரிப்பும் அதிகம், கோபமும் அதிகம். யாழ்ப்பாணத்தில் சிவபாலன் என்று ஒரு தம்பி. தகப்பன் இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்து, சைக்கிள் பழக்கிவிட்டவர் இவர்தான். அவனை எப்படியாவது லண்டனுக்கு எடுத்துவிட வேண்டும் என்பதே இரவு பகல் பேச்சு. எண்பத்தேழில் சைக்கிளில் சந்தைக்குப் போன தம்பி ஷெல் விழுந்து செத்துப்போனான். கொழும்பிலிருந்து ஒரு உறவுக்காரர் போன் எடுத்துச் சொன்னார்.

சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகுவது எங்கள் வழக்கம். அன்று வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பாலாம்பிகை அழுதழுது தலை முழுகினாள். கனகலிங்கம் ரிசீவரை வைத்தார், சட்டைக்கு இஸ்திரி போட்டார், ஷிப்டுக்குப் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் பாலாம்பிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் கொழுந்தனின் படத்தைக் கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, ஹோல் சுவரில் மாட்டினாள். வேலையால் வந்தவர் அதைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"பேரும் உருவமும் அழியிறதுதான். அதைப் பிடிச்சுத் தொங்குறது அஞ்ஞானம்," என்றார்.

அவள் படத்தைத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் வேதாந்தப் புத்தகங்களும் கசற்றுகளும் வீட்டுக்குள் வரத் தொடங்கின. நான் யார், துக்கப்படுகிறவன் யார் என்று விசாரித்துப் பார்த்தால் துக்கம் நிலைக்காது என்று அவற்றில் இருந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. மருந்து நல்ல மருந்துதான். புண்ணைக் கழுவாமல் மேலால் பூசியதுதான் கனகலிங்கம் விட்ட பிழை.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டு ஹோலில் வகுப்பு நடந்தது. மருந்துக்கடை பாலேந்திரா வருவார், இன்னும் சிலர் வருவார்கள். ஒரு கிழமையும் தவறாமல் வந்தவன் பத்மநாதன். பெற்றோல் நிலையத்தில் காசு வாங்குகிற வேலை. மனைவியும் பிள்ளையும் ஊரில். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் அவர்களைக் கூப்பிட வழியில்லாமல் பிளேஸ்டோவில் ஒரு அறையில் தனியே இருந்தான்.

"அண்ணை, மகனை நினைச்சா வேலையிலயே கண் கலங்குது. ஏலாமக் கிடக்கு," என்பான்.

"கலங்குறது ஆருக்கு? அதைக் கேளும் தம்பி," என்பார் கனகலிங்கம்.

பத்மநாதன் தலையைக் குனிந்துகொள்வான். வகுப்பு முடிந்ததும் குசினி வாசலில் போய் நிற்பான். பாலாம்பிகை தேத்தண்ணீர் கொடுத்து, "மகன் என்ன செய்யிறானாம்? பல்லு விழுந்திட்டுதாமோ?" என்று கேட்பாள். அவன் வகுப்புக்கு வந்தது எதற்காக என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில், குளிர் தொடங்கின நேரம், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு பாலாம்பிகை கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் இருந்தாள்.

"உங்களோட கதைக்கிறதும் சுவரோட கதைக்கிறதும் ஒண்டு. ஒரு செத்தவீட்டை இந்த வீட்டுக்க நான் ஆறு வருசமாத் தனியச் சுமக்கிறன். இனி ஏலாது. கனடாவில தங்கச்சியிட்ட, ரொறன்ரோவுக்குப் போறன். தைப்பொங்கலுக்கு முன்னம் போவன்."

"போறதும் இல்லை, வாறதும் இல்லை. எல்லாம் தோற்றம்."

"தோற்றத்துக்குப் பிளேன் ரிக்கற்றும் எடுத்தாச்சு," என்றாள் பாலாம்பிகை. "போறதுக்கு மட்டுந்தான் எடுத்தனான்."

கனகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே ஏதோ திடுக்கிட்டது. வழக்கம்போல, திடுக்கிட்டது யாருக்கு என்று கேட்டு அதன் வாயை அடைத்தார்.

அடுத்த கிழமையே பத்மநாதன் செத்துப்போனான். வேலைத்தலத்தில் நெஞ்சுவலி என்று சரிந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. இங்கே அவனுக்கு இனசனம் என்று ஒருவரும் இல்லை. லண்டனில் தமிழர் செத்தவீடுகளை ஓடியாடி ஒழுங்கு செய்கிற ஸ்ரீஸ்கந்தராஜா நேரே கனகலிங்கத்திடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள்தான் பட்டனை அமத்தவேணும். உங்கட பேரைத்தானே அந்தப் பிள்ளை எப்பவும் சொல்லுறது."

ஊரில் சுடலையில் மகன் கொள்ளி வைப்பான். லண்டனில் தகனசாலைச் சுவரில் ஒரு பட்டன். அதை அமர்த்தினால் பெட்டி மெல்ல உள்ளே போகும். எங்கள் ஆட்கள் அதையும் கொள்ளி என்றுதான் சொல்வார்கள். கனகலிங்கம் உடனே சம்மதித்தார். செய்கிறவன் தானல்ல என்று நம்புகிறவருக்கு ஒரு பட்டனை அமர்த்துவது என்ன பெரிய வேலை?

தகனசாலையில் தேவாரம் பாடி முடிந்தது. வாய்க்கரிசி போட்டாயிற்று. சைவக்குருக்கள் கனகலிங்கத்தின் கையில் தர்ப்பையை மாட்டிவிட்டுக் கேட்டார்.

"மகனுக்காகத்தானே நீங்கள் கொள்ளி வைக்கிறியள். பிள்ளையின்ர பேர் என்ன?"

கனகலிங்கம் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. மறந்ததல்ல, அவருக்கு அது தெரியவே தெரியாது. எத்தனை சனிக்கிழமை அவன் அந்த ஹோலில் இருந்து மகன், மகன் என்று சொன்னான்! ஒருநாளாவது பெயரைக் கேட்டிருப்பாரா? கேட்டதெல்லாம் 'ஆருக்கு' என்ற ஒரே கேள்விதான். குருக்கள் காத்து நின்றார். சனம் முழுக்க அவரைப் பார்த்தது. அவருக்கு முகம் எரிந்தது.

"நிரூபன்," என்றாள் பின்னால் நின்ற பாலாம்பிகை. "நிரூபன், ஐயா. இப்பதான் முதலாம் வகுப்பு."

குருக்கள் பெயரைச் சொல்லி மந்திரம் ஓதினார். கனகலிங்கம் பட்டன் பக்கம் கையை நீட்டினார். கை போகவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தது பத்மநாதனின் பெட்டி. ஆனால் அவருக்குத் தெரிந்தது சந்தைக்குப் போகிற வழியில் கிடந்த ஒரு சைக்கிள். அந்தச் சைக்கிளில் போனவனுக்குக் கொள்ளி வைத்தது யார், எந்தச் சுடலையில், யார் கூட நின்றார்கள் என்று அவர் இந்த ஆறு வருடத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

பழக்கதோஷத்தில் 'இது யாருக்கு?' என்று மனம் கேட்டது. கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. முதல்முறையாக அந்தக் கேள்விக்கு மறுமொழி வரட்டும் என்று நின்றார். நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது அசைந்தது. "தம்பி," என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு சிறுபிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார்.

அழுகைக்குள் ஒன்று நடந்தது. துக்கம் முழுசாக வந்தது. அதை அறிகிற அறிவும் முழுசாக இருந்தது. ஒன்று வருவதற்காக மற்றது ஒதுங்கவில்லை. பார்க்கிறவன் ஒரு கரை, துக்கம் மறுகரை என்று அவர் இத்தனை காலம் கட்டி வைத்த வரம்பைத் தேடினால், அது அங்கே இல்லை. இதற்கு ஞானம் என்று பெயர் வைக்க யாரும் அவசரப்பட வேண்டாம். மூச்சு மட்டும் இலேசாக வந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

பாலாம்பிகை பக்கத்தில் வந்து அவருடைய முழங்கையைப் பிடித்தாள். கனகலிங்கம் பட்டனை அமர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு குளியலறைக்குப் போனார். தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"இஞ்சரும், அவன்ர படத்தை எங்க வைச்சனீர்?"

எவன் என்று அவள் கேட்கவில்லை. சேலைகளுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். பழைய ஆணி அதே இடத்தில் இருந்தது.

"சின்னனில சைக்கிள்ல இருந்து விழுந்து, வாய்க்குக் கீழ, நாடியில ஒரு தழும்பு," என்றார் படத்தைத் தடவி. "படத்தில தெரியேல்லை."

"எனக்கு நீங்கள் இதைச் சொல்லேல்லையே."

"ஓம். இனிச் சொல்லுறன்."

அந்தச் சனிக்கிழமையும் வகுப்புக்கு ஆட்கள் வந்தார்கள். சுவரில் படத்தைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடை பாலேந்திராவுக்கு நாக்கு சும்மா கிடக்காது.

"அப்ப அண்ணை, துக்கம் ஆருக்கு?" என்றார், கொஞ்சம் குத்தலாகவே.

"எனக்கு," என்றார் கனகலிங்கம். "கேள்வி நல்ல கேள்வி, தம்பி. நான்தான் அதைக் கதவு சாத்திறதுக்கு வைச்சிருந்தனான். பத்மநாதனுக்கும் சாத்தினனான். எனக்கு எண்டு முதல் ஒத்துக்கொள்ளவேணும். அதுக்குப் பிறகுதான் அந்த 'நான்' ஆர் எண்டு தேடலாம். நான் இப்பதான் தொடங்கியிருக்கிறன். உங்களுக்குச் சொல்லித்தர என்னட்ட ஒண்டும் இல்லை. விருப்பமெண்டா கூட இருந்து தேடுங்கோ."

ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்த நேரம் பார்த்துக் குசினியில் பால் சீறுகிற சத்தம் கேட்டது.

கனகலிங்கம் விழுந்தடித்து எழும்பி ஓடினார். அடுப்பை அணைத்து, பால் சட்டியை வெறுங்கையால் தூக்கி, "ஐயோ அம்மா!" என்று கத்தினார். குசினி வாசலில் நின்ற பாலாம்பிகை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் கையைக் குழாய்க்குக் கீழே பிடித்துத் தண்ணீரைத் திறந்தாள்.

"சுடுதோ?"

"சுடுது. நல்லாச் சுடுது."

அவள் கையை விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ரொறன்ரோவுக்கு நான் போகத்தான் போறன். தங்கச்சியைக் கண்டு கனகாலம்," என்றாள். "திரும்பி வாறதுக்கு ஒரு ரிக்கற் எடுத்துத் தாருங்கோ."