பஞ்சாலை குடித்த கஞ்சி

சோற்றை வாயில் போட்டால் அது தானாக வயிற்றுக்குப் போய்விடும் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலாயாவில் மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய சன்னாசியும் அப்படித்தான் நினைத்திருந்தார், மனைவி பஞ்சாலையின் நாக்கில் பாதியைப் புற்றுநோய்க்காகச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கும்வரை.

மூக்கில் குழாயோடு வீடு வந்தவள், குழாயை எடுத்தபிறகு தண்ணீர் குடித்தாலே புரையேறித் துடித்தாள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரு வழி கண்டுபிடித்தாள். மோவாயை நெஞ்சில் பதித்து, மூச்சை அடக்கி, ஒரு மடக்கு. உடனே ஓர் இருமல். மறுபடி வெறும் விழுங்கல். ஒரு குவளைக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிறந்த பிள்ளை படிக்காமல் செய்வதை இவள் முதலிலிருந்து படிக்கிறாளே என்று சன்னாசிக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவள் புல் வெட்டும் வேலைக்குத் திரும்பியபோதுதான் வந்தது வினை. அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகவும் தடை. மற்றவர்கள் விடியுமுன் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், இவளால் முடியுமா? பட்டினியோடு வெயிலில் நிற்கிறாளே என்று தாங்காமல் இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கஞ்சிப் போத்தலைத் தன் பால்வாளிக்குள் கந்தலுக்கடியில் ஒளித்தார். புத்தி போன போக்கைப் பாருங்கள்! கேட்டில் சோதனை போட்ட போலீஸ் சார்ஜன் கணேசமூர்த்தி வாளிக்குள் கைவிட்டதும் அகப்பட்டது. வருடக்கணக்கில் சிறை கிடைக்கும் குற்றம் அது.

மனைவிக்குத்தான் என்று சன்னாசி கும்பிட்டார். சார்ஜன் நம்பவில்லை.

"மூக்குல கொழா வச்சிருந்த பொம்பள வாயால குடிப்பாளா? கத வுடாத லா. இங்கயே குடிக்கச் சொல்லு. சொட்டு மிஞ்சுச்சு, நீ லாரியில ஏறு."

வேலைக்குப் போக அதே வரிசையில் நின்றிருந்தாள் பஞ்சாலை. புருஷன் முன்னால்கூடக் கூசிக்கொண்டு குடிப்பவள், ஒரு தோட்டத்துச் சனமே பார்த்து நிற்கப் போத்தலை வாங்கினாள். ஒரு மடக்கு. இருமல். இன்னொரு மடக்கு. பாதியில் புரையேறி முகம் கறுத்தது. சன்னாசிக்கு உயிர் போய் வந்தது. ஓடிவந்தவரைக் கைநீட்டி நிறுத்தினாள். இருமி முடித்து, மறுபடி மோவாயைத் தாழ்த்தினாள். அம்மாடி, என்ன நெஞ்சுரம்! நேரமாகிறது என்று தினமும் கத்தி வேலை வாங்கும் மண்டோர்கூடக் கூட்டத்தோடு நின்று பார்த்தார். கடைசியில் அவள் போத்தலைக் கவிழ்த்துக் காட்டியபோது, சார்ஜன் தன் தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். போகச் சொல்லிக் கையசைத்தார்.

மத்தியானம் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்த சன்னாசிக்கு முதல் கவளமே தொண்டையில் நின்றுவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பஞ்சாலை அவர் முதுகைத் தடவினாள். அவளுடைய குழறிய பேச்சு அவருக்கு மட்டும்தான் புரியும்.

"மெதுவா முழுங்குங்க," என்றாள். "நான் பக்கத்துலதானே இருக்கேன்."