தொட்ட காயை நகர்த்தியே ஆகணும்

கார்பன் பேப்பர் வாசனையும் புளிச்சோற்று வாசனையும் கலந்து வரும்... எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆபீஸின் மதிய நேரம் அப்படித்தான் இருக்கும்.

தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. டிபன் பாக்ஸைக் கழுவிய கையோடு ஆண்கள் ஜன்னலோர மேஜையில் செஸ் போர்டை விரித்துவிடுவார்கள். வெள்ளைக் குதிரை ஒன்று தொலைந்துபோய், கோந்து பாட்டில் மூடிதான் குதிரையாக நிற்கும்.

வேடிக்கை பார்த்தே நானும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் ஆள் குறைந்தது. "சும்மா உக்காரும்மா" என்றார் ஒருவர். உட்கார்ந்தேன், ஜெயித்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை.

அந்த மேஜையில் கறாரான சட்டம் ஒன்று உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். சட்டம் பேசுகிறவர்களே அதை மீறுவார்கள் என்பது வேறு விஷயம்.

"மாப்ள, தெரியாமக் கை பட்டுருச்சுப்பா..."

"நேத்தும் இதத்தான சொன்ன!"

கொஞ்ச நாள் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. வைத்த காயைத் திரும்ப எடுக்கிறவர், ஃபைலில் தப்பு வந்தாலும் "டைப்பிஸ்ட் பண்ணுன வேலை சார்" என்று நைசாக என் பக்கம் தள்ளிவிடுவார். ஆளை எடை போட எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உசிலம்பட்டிப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போனதில் அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. இதாவது அமையவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

கேசரி, காபி எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளையின் கண் அலமாரியில் நான் வாங்கி வைத்திருந்த செஸ் போர்டில் விழுந்தது.

"யாரு ஆடுறது?"

என் தம்பிக்குக் காய்களின் பெயர்கூடத் தெரியாது. வாய் மட்டும் நீளம். "அக்காதாண்ணே! ஆபீஸ்ல அம்புட்டுப் பேரையும் தோக்கடிச்சிருச்சு."

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வெளாட்டெல்லாம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மகன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. ஒரு ஆட்டம் போடுவமா?"

அப்பா என் பக்கம் குனிந்து, "விட்டுக்குடுத்து ஆடும்மா" என்று முணுமுணுத்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால், உண்மையைச் சொன்னால், ஆளை எனக்குப் பிடித்தும் இருந்தது... தோற்றுத்தான் தொலைப்போமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

நன்றாகவே ஆடினார். பாதி ஆட்டத்தில் அவர் அம்மா ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே குதிரைக்கு நீட்டிய கையால் ராணியைத் தூக்கிவிட்டார். ராணி இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. அங்கிருந்து எந்தக் கட்டத்துக்குப் போனாலும் வெட்டுப்படும்.

எங்கள் இருவரைத் தவிர அந்த அறையில் யாருக்கும் செஸ் தெரியாது. பேசாமல் பழைய இடத்தில் வைத்திருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"தொட்டுட்டேன்" என்றார். ராணியை நகர்த்தி வைத்தார்.

என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்ததோ, அப்பா இரும ஆரம்பித்தார். இருமினார், இருமினார்... நிறுத்தவே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் விட்டுக்கொடுப்பது மாப்பிள்ளையை மட்டம் தட்டுகிற மாதிரி எனக்குப் பட்டது.

வெட்டினேன்.

"ம்... அதான் சரி" என்றார். கொஞ்ச நேரத்தில் தோற்றும் போனார். "ஊருக்குப் போயிச் சொல்லிவிடுறோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

"ராணிய வெட்டுறேன்னு கல்யாணத்தையும் சேத்து வெட்டிட்டியேம்மா" என்றார் அப்பா. அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. எனக்கும் ஆபீஸில் போர்டு பக்கம் போகவே மனசு வரவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வந்தார். கையில் மல்லிகைப்பூப் பொட்டலம்.

"எம் மகன் சின்னப் பிள்ளையில இருந்து எதுலயாச்சும் தோத்தான்னா ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டான். ஒங்க வீட்டுல தோத்துப்புட்டு பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வாரான். அதான் பூ வச்சுட்டுப் போவோம்னு வந்தேன்."

அப்பா உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கல்யாணத்துக்குப் பிற்பாடு எங்கள் வானம் பார்த்த பூமியில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் தண்ணீருக்குப் போர் போட்டார் இவர். புழுதிதான் வந்தது. இடம் பார்த்துச் சொன்னவரைத் திட்டவில்லை, பூமியையும் திட்டவில்லை. "நாந்தான போட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நானும் குத்திக்காட்டவில்லை... காட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

இப்போது மகள் எங்களுக்குப் போனில் செஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். தப்பாக வைத்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள அதில் ஒரு பட்டன் இருக்கிறது. அதைப் பார்த்ததும் இவர் போனை அவளிடமே கொடுத்துவிட்டார். எங்களுக்கு அந்தப் பழைய போர்டுதான்.

கொஞ்ச நாளாக இவருக்குக் கை நடுக்கம். போன ஞாயிற்றுக்கிழமை யானையை எடுக்கப் போனபோது விரல் ராணியில் இடித்துவிட்டது.

"தொட்டுட்டேன்."

"கை நடுங்குனதெல்லாம் கணக்குல வராதுங்க. யானையவே நகத்துங்க."

நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி விட்டியா? இன்னைக்கு மட்டும் என்ன?"

நடுங்குகிற கையாலேயே ராணியைத் தூக்கி, வேறு கட்டம் இல்லாமல் என் மந்திரியின் வழியில் கொண்டுவந்து வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டினேன்.

"ம்... அதான் சரி" என்று சிரித்தார்.

அன்றைக்குப் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனார் என்று அத்தை சொன்னார்களே... அதை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கும்.