ஆடிக்கு முன் ஒரு வீடு

மாலை நாலேகாலுக்கு வேலூரில் ஆரணி பஸ் ஏறினேன். ஈப்போவிலிருந்து என்னோடு வந்த இரண்டு பெட்டிகளும் நடைபாதையை அடைத்துக்கொண்டன. கண்டக்டர் அவற்றைத் தாண்டி வருவதற்குள் அலுத்துப்போனார்.

"இன்னா மேடம், வீட்டையே தூக்கினு வந்துட்டீங்களா?"

"எட்டு மாசம் தங்கப் போறேன். பட்டுப்புடவை எடுக்கணும்."

"புடவை எடுக்க ஒரு நாள் போதுமே!"

என் முதலாளிக்குப் போதாது. மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் அவருடைய கடைக்கு இங்கேயே தங்கி, பட்டுப்புடவைகளை நெய்யச் சொல்லி வாங்கி அனுப்புவதுதான் என் வேலை. அதற்காக வாடகை வீடு ஒன்றைப் போனிலேயே பேசி முடித்திருந்தேன்.

கண்ணமங்கலம் தாண்டும்போது வீட்டுக்காரம்மா சரோஜா அழைத்தார். "எங்க வந்துகினு இருக்கீங்க? ஜல்தி வாங்க. நாளைக்கு ஆடி பொறக்குது. நல்ல நேரம் ஆறரை வரைக்கும்தான். அதுக்குள்ள பால் காய்ச்சிட்டா வீடு உங்களுது. இல்லேன்னா ஆவணிலதான் சாவி."

ஆடியில் யாரும் குடிபோவதில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் விமான டிக்கெட் எடுத்தபோது மலிவு விலையைப் பார்த்தேனே தவிர, காலண்டரைப் பார்க்கவில்லை. தவறினால் ஒரு மாதம் லாட்ஜ் அறையில் பொட்டலச் சோறுதான்.

ஐந்து நாற்பதுக்கு ஆரணி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பேரம் பேச நேரமில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் வீடு வீடாகத் தறிச் சத்தம் கேட்டது. சரோஜா வாசலில் கோலம் போட்டு, அரை லிட்டர் பாலோடு காத்திருந்தார். எதிர்வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள்.

பால் காய்ச்ச அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைப் பானையை எடுத்தேன். பெட்டிக்குள் கிடந்து கறுத்திருந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று ரோஷம் வந்து, சரோஜாவிடம் புளி கேட்டு வாங்கிப் பரபரவென்று தேய்த்தேன். பானை பளபளத்தது. அவசரத்தில் ஒரே ஒரு தடவைதான் அலசினேன்.

பால் சூடேறியது. பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரிந்துபோனது.

புதுவீட்டில் முதல் பால் திரிந்தால் என்ன அர்த்தம் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மணி ஆறேகால்.

சரோஜா பானையை இறக்கி ஓரமாக வைத்தார். "அது கணக்குல சேராதுங்க. அது பாத்திரம் கழுவின பாலு."

"கடைக்குப் போய் வாங்கிட்டு வந்திடவா, அக்கா?"

"எங்க நேரம் இருக்குது? பொங்கற வழியப் பாருங்க." பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குப் போய்ச் சாயங்கால டீக்கு வைத்திருந்த பாலைக் கொண்டுவந்தார். அது ஒரு டம்ளர்கூட இல்லை. எதிர்வீட்டுப் பெண்களும் சொல்லாமலே ஓடினார்கள். அவரவர் வீட்டு டீப் பால் சொம்பிலும் கிண்ணத்திலுமாக வந்து சரோஜாவின் எவர்சில்வர் பாத்திரத்தில் சேர்ந்தது. ஆறு இருபத்தைந்துக்கு அது பொங்கி அடுப்பில் வழிந்தது. "பொங்கிடுச்சு!" என்று நான்தான் முதலில் கத்தினேன். சரோஜா சாவியை என் கையில் வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஈப்போவில் அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் கெட்ட செய்தி என்று பொருள். பயந்துகொண்டே திறந்தேன். சரோஜாவின் வீட்டுக்காரர் ஏழுமலை நின்றிருந்தார். பின்னால் எதிர்வீட்டு ஆண்கள் மூவர். எல்லார் கையிலும் டம்ளர்.

"நேத்து டீ இல்லாமயே தறில உக்காந்தோம்ங்க, ஒரே பேஜாரு" என்றார் ஏழுமலை. "இன்னிக்கு உங்க வீட்லதான்."

நல்லவேளை, இரவே இரண்டு பாக்கெட் பால் வாங்கி வைத்திருந்தேன். போட்ட டீ முழுவதும் அவர்களுக்கே சரியாகப் போனது. வெறும் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"உங்களுக்கு மிஞ்சாதுன்னு தெரியும். இங்க போட்டு வெச்சிருக்கேன், வாங்க."