முன்னுரிமை வரிசையில் லீலா மேரி

இதை நான் கதையாக எழுதவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு தகவலை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அச்சுக்குக் கொடுத்ததில்லை. இதையும் விசாரித்தேன். விசாரித்ததால்தான் இப்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நடந்தது இரவில் அல்ல. போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், 2.50-க்கும் 3.31-க்கும் இடையில். அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையில், என் பக்கத்து வீட்டில். கூடத்தில் இருபது பேராவது இருந்தோம்.

பக்கத்து வீட்டு லீலா மேரி டீச்சர் செவ்வாய் மாலை இறந்துபோனார். வயது எழுபத்தொன்று. மகள் ஷாலினி மேரி, மருமகன் சவரிராஜ் இவர்களோடு இருந்தவர். ஒரே மகன் ஜோசப் குவைத்தில். அவனுக்கு விடுப்பு கிடைத்துவிடும் என்று இரண்டு நாள் உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். கிடைக்கவில்லை. வியாழன் நான்கு மணிக்கு அடக்கம் என்று முடிவானது.

ஜோசப்புக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். நம் கணக்கில் மூன்று முதல் மூன்றரை. அதற்குள் வீடியோவில் அம்மாவின் முகத்தை அவன் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

2.50-க்குச் சவரிராஜ் ஓடி வந்தார்.

"சார், நெட்டு பம்பரமா சுத்துது. வந்தவன் பூரா நம்ம வைஃபையிலதான் வுழுந்து கெடக்கான். வந்து சரிபண்ணிக் குடுங்க சார்."

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டு ரவுட்டரில் எந்தப் போனுக்கு வேகம் முதலில், எதற்குக் கடைசியில் என்று வரிசை போட்டுக் கொடுத்தவன் நான். ஆறு மாதத்துக்கு முன்பு. ஷாலினியின் ஆன்லைன் டியூஷனுக்கு முதலிடம். டிவிக்கு இரண்டாமிடம். 'அம்மா' என்று பெயர் போட்ட போனுக்குக் கடைசி இடம். "அம்மா சாயங்காலம் அண்ணன்கிட்ட பேசறதோட சரி சார்" என்றார் ஷாலினி. நானும் வைத்துவிட்டேன்.

வாசலிலேயே அந்த நாற்றம் வந்து முகத்தில் அடித்தது.

காலையில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. மே வெயில். ஐஸ் பெட்டி அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ சொட்டி, கீழே வைத்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. சொட்... சொட்... அதன் மேல் பன்னீர் தெளித்திருந்தார்கள். இரண்டும் கலந்த வாடையை இன்றும் என்னால் எழுத முடியவில்லை. அந்த வாளிக்கு இரண்டடி தள்ளி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கறப்ப ரெண்டு வருசமா வராதவன், இப்ப போன்ல பாத்து என்னத்தப் பண்ணப் போறான்?" என்றார் உறவுக்காரப் பெண் மலர்கொடி, முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே.

"சும்மா இருங்க அத்தை" என்றார் ஷாலினி.

பெட்டிக்கு நேர் மேலே, சுவர்த் தட்டில் ரவுட்டர். தலைமாட்டில் ஒரு ஸ்டாண்டில் சவரிராஜின் போன். நான் லேப்டாப்பைத் திறந்து அந்தப் போனை வரிசையில் முதலுக்குக் கொண்டுவந்தேன். மணி 2.58.

3.01. ஜோசப்பை அழைத்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

வரிசையைப் பார்த்தேன். முதலிடத்தில் 'அம்மா'.

என் கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அதைக் கடைசிக்குத் தள்ளிச் சேமித்தேன். பக்கம் புதுப்பித்துக்கொண்டு வந்தது.

முதலிடத்தில் 'அம்மா'.

"டீச்சர் போன் எங்க?"

"தெரியல சார். ஒரு வாரமாவே கண்ணுல படல" என்றார் ஷாலினி.

3.09. அந்தப் போனையே தடுத்தேன். பட்டியலிலிருந்து மறைந்தது. நான்கு விநாடி... திரும்ப வந்தது.

இப்போது இன்னொன்றைக் கவனித்தேன். அந்தப் போன் எதையும் பதிவிறக்கவில்லை. அனுப்பிக்கொண்டிருந்தது. வீட்டு இணையம் மொத்தத்தையும் எடுத்து, எங்கேயோ, எதையோ, விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.

சிக்னல் முழுசாக இருந்தது. அப்படியென்றால் ரவுட்டருக்கு மிகப் பக்கத்தில்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தது ஐஸ் பெட்டிதான்.

3.16. யாராவது போனை உள்ளே வைத்துவிட்டார்களோ என்று குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் உள்பக்கம் நீர் முத்துகள். ஒரு பச்சை ஈ உள்ளே நடந்துகொண்டிருந்தது. அது எப்படி உள்ளே போனது? மூக்குப் பஞ்சு நனைந்து பழுப்பாகியிருந்தது. உதடு விலகி, ஓரத்தில் நுரை. ஜெபமாலை சுற்றிய விரல்கள் வீங்கி...

போன் இல்லை.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். துப்பினேன். திரும்பத் திரும்பத் துப்பினேன்.

3.24. வட்டம் சுற்றியது.

3.28. சுற்றியது.

3.30. "போச்சு" என்றார் ஷாலினி. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

3.31. பட்டியலிலிருந்து 'அம்மா' மறைந்தது.

அதே நிமிடம் சவரிராஜின் போனில் ஜோசப்பிடமிருந்து ஒரு செய்தி.

'பாத்துட்டேன். பெட்டிய மூடிருங்க.'

"மச்சானுக்குத் தெரிஞ்சிருக்கு! நமக்குத்தான் சுத்திருக்கு!" என்றார் சவரிராஜ். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். அடக்கம் முடிந்தது.

மூன்றாம் நாள் ஜோசப் என்னை அழைத்தான்.

"சார், பெட்டிக்குள்ள போன் வச்சது யாரு?"

"யாரும் வைக்கலப்பா."

"அம்மா நம்பர்லேருந்துதான் சார் வீடியோ கால் வந்துச்சு. 12.31-க்கு. கரெக்டா அரை மணி நேரம்."

குவைத் நேரம் 12.31 என்றால் இங்கே 3.01.

"என்ன தெரிஞ்சுச்சு?"



"அம்மா மொகம் தெரியல சார். கீழேருந்து மேல பாக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணாடி. அதுல தண்ணி. ஒரு ஈ. ஒவ்வொருத்தரா வந்து குனிஞ்சு பாத்தீங்க. எல்லாரும் மூக்க மூடிக்கிட்டு... தங்கச்சியும்தான்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்களும் குனிஞ்சீங்க. ஒங்க மொகம் அப்படியே கோணிப்போச்சு. அவ்ளோ அருவருப்பா சார், எங்கம்மா மேல?"

மறுநாள் விசாரிக்கத் தொடங்கினேன். வீடு முழுக்கத் தேடியும் போன் இல்லை. டீச்சரின் கைப்பையில் ஒரு ரசீது இருந்தது. ஜெயங்கொண்டம், செல்போன் பழுது பார்க்கும் கடை. பஸ் ஏறிப் போனேன்.

கடைக்காரர் ராஜராஜன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். பின்மூடி தனியாக, திரை தனியாகக் கிடந்தது. உப்பிப்போன பேட்டரி தனியாக.

"வந்த அன்னிக்கே பிரிச்சிட்டேன் சார். பேட்டரி வரல, அதான் கெடக்கு. அந்தம்மா வெயில்ல தனியா வந்தாங்க. ஆறு மாசமா இந்தத் தொல்லதான்னு சொன்னாங்க."

தேதியைப் பார்த்தேன். இறப்பதற்கு எட்டு நாள் முன்பு.

ரசீதில் 'குறை' என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே, டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்து:

'வீடியோ காலில் மகன் முகம் தெரிவதில்லை.'